மைனஸ் 10, ஆனால் மைனஸ் 20 போல: காற்றுக் குளிரைப் புரிந்துகொள்வோம்

கனடாவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "செல்போனில் மைனஸ் 10 என்று காட்டுகிறது. அதன் கீழேயே மைனஸ் 20 போல் உணரப்படும் என்றும் இருக்கிறது. இரண்டில் எது உண்மை? எதைப் பார்த்துப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது?"

இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளின் அளவு அல்ல. முதல் எண் காற்றின் வெப்பநிலை. தெர்மாமீட்டரை வெளியே தொங்கவிட்டால் அதுவும் இதையே காட்டும். இரண்டாவது எண்ணை எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாது. திறந்திருக்கும் நம் முகத்தோல் அந்தக் காற்றில் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும் என்பதற்கான கணக்கு அது. இதைத்தான் வானிலை அறிவிப்பில் 'விண்ட் சில்' என்கிறார்கள். தமிழில் காற்றுக் குளிர் எனலாம். கனடாவில் இதை 'டிகிரி' சேர்க்காமல் வெறும் எண்ணாகவே எழுதுவது வழக்கம். வெப்பநிலை என்று யாரும் தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதே காரணம்.

டொராண்டோ, மிசிசாகா, மொன்றியல், வினிபெக் என்று நம் மக்கள் பரவி வாழும் ஊர்களில் இந்த இரண்டாவது எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது, சாலையைக் கடக்கத் தெரிந்திருப்பது போன்ற ஒரு தேவை. காயல்பட்டினத்திலோ கல்முனையிலோ பிறந்து வளர்ந்த நமக்கு இதைச் சிறுவயதில் யாரும் சொல்லித் தந்திருக்க வழியில்லை.

கஞ்சியை ஆற்றும்போது நடப்பது

நோன்புக் கஞ்சி சுடச்சுட இருந்தால் என்ன செய்கிறோம்? ஊதுகிறோம், அல்லது மின்விசிறிக்குக் கீழே வைக்கிறோம். கஞ்சியின் மேலே சூடான ஆவியும் காற்றும் ஒரு மெல்லிய போர்வை போல் நிற்கின்றன. அந்தப் போர்வை இருக்கும்வரை கஞ்சி மெதுவாகத்தான் ஆறும். ஊதும்போது அது விலகி, குளிர்ந்த காற்று நேராகக் கஞ்சியைத் தொடுகிறது. கஞ்சி விரைவாக ஆறிவிடுகிறது.

நம் உடலிலும் இதே கதைதான். உடலின் உள்சூடு ஏறத்தாழ 37 டிகிரி. அந்தச் சூட்டால் தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. காற்று வீசாத நாளில் அது நம்மைக் காக்கிறது. காற்று வீசினால் அது பறிபோகிறது. உடல் மறுபடி சூடாக்குகிறது, காற்று மறுபடி பறிக்கிறது. மைனஸ் 10 டிகிரியில் காற்றில்லாத நாளில் பேருந்துக்காக நின்றவர், அதே மைனஸ் 10 டிகிரியில் காற்றுள்ள நாளில் நிற்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

கஞ்சி உவமையிலிருந்தே இன்னொன்றையும் புரிந்துகொள்ளலாம். எவ்வளவு நேரம் ஊதினாலும் கஞ்சி அந்த அறையின் வெப்பநிலைக்கு வந்து நிற்குமே தவிர ஐஸாகிவிடாது. காற்று வேகமாகக் குளிர வைக்கும். தன்னைவிடக் குளிராக்க அதனால் முடியாது. ஆகவே வெப்பநிலை 2 டிகிரியாகவும் காற்றுக் குளிர் மைனஸ் 5 ஆகவும் இருந்தால் வெளியே உள்ள குழாயில் தண்ணீர் உறையாது. தோலும் உறையாது. காற்றுக் குளிர் மைனஸ் 30 என்று அறிவித்துவிட்டார்கள், காரின் என்ஜின் மைனஸ் 30 டிகிரிக்குப் போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. வெப்பநிலை மைனஸ் 18 என்றால் கார் மைனஸ் 18 டிகிரியோடு நின்றுவிடும், அதுவரை விரைவாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான். கார், குழாய் போன்ற பொருள்களுக்கு முதல் எண்ணைப் பாருங்கள். மனிதர்களுக்கு இரண்டாவது எண்ணைப் பாருங்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பால் சிப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள் 1941ஆம் ஆண்டு அண்டார்டிகாவின் குளிர்காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தங்கள் முகாமின் கூரைமேல் தொங்கவிட்டார்கள். வெவ்வேறு காற்று வேகத்தில் அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். 1945இல் அது கட்டுரையாக வெளிவந்தது. பல பத்தாண்டுகள் உலகம் அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. ஆனால் மனித முகம் பிளாஸ்டிக் பாத்திரம் அல்லவே. அதில் இரத்தம் ஓடுகிறது, உள்ளிருந்து சூடு வந்துகொண்டே இருக்கிறது. பழைய கணக்கு குளிரை மிகைப்படுத்திக் காட்டியது.

ஆகவே 2001இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கணக்கைத் திருத்தின. டொராண்டோவில் 12 தன்னார்வலர்களின் முகத்தில் உணரிகளை ஒட்டி, குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் நடக்கவைத்து அளந்தார்கள். இன்று உங்கள் செல்போன் காட்டுவது இந்தப் புதிய கணக்கைத்தான்.

அந்தக் கணக்குப்படி மைனஸ் 10 டிகிரியில் காற்று மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வீசினால் காற்றுக் குளிர் மைனஸ் 15. வேகம் 30 கி.மீ. ஆனால் மைனஸ் 20. அதுவே 50 கி.மீ. ஆனால் மைனஸ் 22தான். அதாவது முதலில் வீசும் லேசான காற்றே பெரும்பகுதியைப் பறித்துவிடுகிறது. புயல் இல்லையே, சின்னக் காற்றுதானே என்று அலட்சியமாக இருப்பது தவறு. மைனஸ் 20 டிகிரியில் 30 கி.மீ. காற்று என்றால் மைனஸ் 33. மைனஸ் 25 டிகிரியில் 40 கி.மீ. என்றால் மைனஸ் 41.

கனடா சுற்றுச்சூழல் துறையின் வழிகாட்டல்படி மைனஸ் 28இலிருந்து கவனம் கூட வேண்டும். அங்கிருந்து மைனஸ் 39 வரை, மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையக்கூடும். மைனஸ் 40 முதல் 47 வரை 5 முதல் 10 நிமிடங்கள். அதற்கும் கீழே, மைனஸ் 54 வரை, 2 முதல் 5 நிமிடங்கள்தாம். வினிபெக்கில் இருப்பவர்கள் மைனஸ் 40ஐ ஓரிரு குளிர்காலத்திலேயே பார்த்துவிடுவார்கள். டொராண்டோக்காரர்களுக்கு அது அபூர்வம். ஆனால் மைனஸ் 28 அங்கேயும் வரும்.

இந்த எண்களை நம்பும்போது அவை யாரை வைத்துக் கணக்கிடப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உலர்ந்த முகத்தோடு, காற்றை எதிர்கொண்டு, சாதாரண வேகத்தில் நடக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர். வெயில் இல்லை. ஆகவே நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் எண் சொல்வதைவிடச் சற்று இதமாக இருக்கலாம். சறுக்கு வண்டியில் வேகமாக இறங்கும் பிள்ளை, சைக்கிளில் உணவு விநியோகம் செய்யும் மாணவர் ஆகியோர் தங்கள் வேகத்தாலேயே கூடுதல் காற்றை உண்டாக்கிக் கொள்கிறார்கள். அவர்களுக்கு எண் சொல்வதைவிட அதிகக் குளிர். முகம் ஈரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நம்மவர்களை அதிகம் பாதிக்கும் இடம் இதுதான்.

உளூவின் ஈரம்

எங்கள் குழுவில் ஒரு சகோதரர். கனடாவில் அவருக்கு அது முதல் குளிர்காலம். ஸுப்ஹு ஜமாஅத்துக்காக வீட்டிலேயே உளூச் செய்துவிட்டு, ஊரில் செய்வது போலத் துடைக்காமல், தலையில் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தார். பன்னிரண்டு நிமிட நடை. வலது காதில் முதலில் எரிச்சல், பிறகு ஒன்றும் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்றே நினைத்தாராம். தொழுது முடித்து உட்கார்ந்தபோது காது நெருப்பாக எரிந்தது. மறுநாள் காதின் விளிம்பில் கொப்புளம். அல்ஹம்துலில்லாஹ், காது தப்பியது. ஆனால் இன்றும் குளிர் தொடங்கினால் முதலில் கூசுவது அந்தக் காதுதான்.

தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அது ஆவியாகும்போதும் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். உளூவின் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள்: முகம், கைகள், காது, பாதம். குளிர் முதலில் கடிக்கும் உறுப்புகளும் அநேகமாக இவையேதான்.

ஆகவே உளூச் செய்தபின் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். துடைப்பதைப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். காதின் மடிப்பு, காதின் பின்புறம், தாடியின் அடிப்பகுதி, கால்விரல் இடுக்குகள், முன்னெற்றி முடி ஆகியவை மறந்துபோகும் இடங்கள். புறப்படுவதற்கு முந்தைய நிமிடத்தில் உளூச் செய்யாமல், கால் மணி நேரம் முன்பே செய்து வீட்டுச் சூட்டில் உலரவிடுவது நல்லது. பெண்கள் ஈரமான தலைமுடியோடு ஹிஜாப் அணிந்து வெளியேறினால் துணி ஈரத்தை உறிஞ்சிக் கழுத்தைச் சுற்றி ஈரப்பட்டி கட்டியது போலாகிவிடும். குளித்த நாளில் முடி உலரும்வரை பொறுத்திருங்கள்.

வேலையிடத்தில், பல்கலைக்கழகத்தில் கால் கழுவச் சிரமப்படுபவர்களுக்குக் காலுறை மீது மஸஹ் செய்யும் சலுகை இருக்கிறது. உளூவுடன் அணிந்திருந்தால் ஊரில் இருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. தோலால் ஆன குஃப்பில் கருத்து வேறுபாடு இல்லை. சாதாரணப் பருத்திக் காலுறை விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு உண்டு. நம்மில் ஷாஃபிஈகளும் ஹனஃபிகளும் இருப்பதால் உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவாகிக் கொள்ளுங்கள். தோல் குஃப் ஒரு ஜோடி வாங்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது, குளிருக்கும் நல்லது.

குளிரால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்ற நிலையில் மார்க்கம் நம்மை வருத்தவில்லை. தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் அழிந்துவிடுவோம் என்று அஞ்சி, தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இது சொல்லப்பட்டபோது அவர்கள் விளக்கம் கேட்டுச் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. வெந்நீர்க் குழாய் உள்ள வீட்டில் இருந்துகொண்டு இதை எடுத்துக்காட்டக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

பள்ளிவாசலில் செருப்பு கழற்றும் இடத்தையும் கவனிக்க வேண்டும். எல்லோருடைய பூட்ஸிலிருந்தும் பனி உருகி அங்கே உப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும். காலுறையோடு அதில் ஒரு கால் வைத்தால் போதும், திரும்பி வீடு போகும்வரை ஈரக் காலுறைதான். கோட்டுப் பையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை வைத்திருங்கள்.

எதை அணிவது

ஊரில் வாங்கிய கனமான ஜெர்கின் ஒன்றே போதும் என்று வந்து இறங்குபவர்கள் பலர். ஒரே கனமான உடையைவிட மூன்று அடுக்குகள் மேலானவை. உள்ளே, உடலோடு ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் தெர்மல் உடை. நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ். மேலே காற்று புகாத கோட். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அது குளிரில் எதிரி. நடந்து வியர்த்தால் கோட்டின் ஜிப்பைச் சற்று இறக்கிவிடுங்கள். வியர்த்து நனைந்தபின் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுதான் ஆபத்து.

காற்றுக் குளிர் என்பது மூடாத தோலுக்கான கணக்கு என்று பார்த்தோம். காற்று புகாத உடையால் மூடிய இடத்தில் அந்த எண்ணின் பலம் பெருமளவு போய்விடுகிறது. ஆகவே செலவு செய்வதாக இருந்தால் உள்ளே இன்னொரு ஸ்வெட்டரைவிட வெளியே காற்றைத் தடுக்கும் கோட்டுக்குச் செலவு செய்யுங்கள். மெல்லிய ஷிஃபான், பருத்தி ஹிஜாப்கள் காற்றைத் தடுப்பதில்லை. காதை மூடும் கம்பளிக் குல்லாவை ஹிஜாபுக்குக் கீழேயோ மேலேயோ அணியலாம். அபாயாவின் ஓரம் சாலையோரப் பனிச்சேற்றில் நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்துக்கென்று ஓரம் சற்று உயர்த்தித் தைத்த அபாயாவும் நீண்ட பூட்ஸும் வைத்துக்கொள்வது நம் சகோதரிகள் கண்டுபிடித்த நல்ல வழி.

கைக்கு, விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட எல்லா விரல்களும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடானது. பூட்ஸுக்குள் இரண்டு மூன்று காலுறைகளைத் திணிக்காதீர்கள். இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, காலை மேலும் குளிரச் செய்யும். உடல் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. அது சரியல்ல, தலை உடலின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான், சூடும் ஏறத்தாழ அந்த அளவில்தான் போகும். குல்லா தேவை என்பதற்குக் காரணம் காதுகள்.

சிறு பிள்ளைகளுக்கு நீண்ட மஃப்ளர் வேண்டாம். விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. குழாய் போல் தலைவழியே மாட்டும் கழுத்துறை கிடைக்கிறது. காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது பஞ்சுபோன்ற தடித்த கோட்டைக் கழற்றிவிட்டு, பட்டையை இறுக்கிப் பூட்டியபின் மேலே போர்வை போர்த்துங்கள். கோட்டோடு பூட்டினால் பட்டை இறுக்கமாக இருப்பது போல் தோன்றும். விபத்தில் கோட்டின் பஞ்சு அமுங்கிப் பிள்ளை நழுவிவிடும்.

பனிக்கடி: நிறத்தை நம்பாதீர்கள்

தோலும் அதன் கீழுள்ள சதையும் உறைந்துபோவதை டாக்டர்கள் ஃப்ராஸ்ட்பைட் என்கிறார்கள். பனிக்கடி எனலாம். காது, மூக்கு நுனி, கன்னம், விரல்கள் முதலில் பாதிக்கப்படும். கையேடுகளில் தோல் வெளுத்துவிடும் அல்லது சிவந்துவிடும் என்று எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதியது. நம்முடைய மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியாது. சாம்பல் பூத்தது போல், மெழுகு தடவியது போல் தோன்றலாம், ஒன்றும் தோன்றாமலும் போகலாம். எனவே கண்ணைவிட உணர்வை நம்புங்கள். எரிச்சலும் குத்தலும் இருந்து பிறகு மரத்துப்போனால் அதுதான் எச்சரிக்கை. வலி நின்றுவிட்டது என்று மகிழக் கூடாது. பிள்ளைகளிடம் குளிருகிறதா என்று கேட்காமல், காது தெரிகிறதா, விரல் தெரிகிறதா என்று கேட்டுப் பழகுங்கள்.

மரத்துப்போனால் உடனே உள்ளே செல்ல வேண்டும். ஈரத்துணியை மாற்றுங்கள். விரல்களை அக்குளில் வைத்துச் சூடாக்கலாம், காதையும் கன்னத்தையும் வெறும் கையால் பொத்திக்கொள்ளலாம். தேய்க்கவே கூடாது. பனியை எடுத்துத் தேய்த்தால் சரியாகும் என்பது பழைய தவறான பழக்கம், உறைந்த சதையை அது கிழித்துவிடும். ஹீட்டர் முன்னால், அடுப்பருகில் காட்டுவதும் வேண்டாம், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். தோல் கெட்டிப்பட்டிருந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, சூடான பின்னும் உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடனே போக முடியாத நிலையில், 37 முதல் 39 டிகிரிச் சூட்டில், அதாவது வெதுவெதுப்பான நீரில், 15 முதல் 30 நிமிடங்கள் அமிழ்த்தி வைக்கலாம். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒருமுறை இளகி மறுபடி உறைவது, உறைந்தே இருப்பதைவிட அதிக நாசம் செய்யும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. நரம்பு பாதிக்கப்பட்ட பாதத்துக்குக் குளிர் கடிப்பதும் தெரியாது, வெந்நீர் சுடுவதும் தெரியாது. அவர்களுக்குக் கால் வைக்கும் நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளியே போய்வந்த ஒவ்வொரு நாளும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

வாப்பா ஏன் குழறுகிறார்?

பனிக்கடியைவிடப் பெரிய ஆபத்து, உடலின் உள்சூடே 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது. ஹைப்போதெர்மியா என்பது இதன் பெயர். இதற்குப் பனியும் தேவையில்லை, மைனஸும் தேவையில்லை. ரியாத்தில் ஜனவரி இரவு 5 டிகிரியும் 40 கி.மீ. காற்றும் இருந்தால் காற்றுக் குளிர் ஏறத்தாழ மைனஸ் 1 ஆகிறது. அங்கே தோல் உறையாது. ஆனால் நனைந்த உடையோடு இரவுக் காவல் பார்ப்பவரின் உடல் சூடு மெல்ல மெல்ல இறங்கும்.

முதலில் கடும் நடுக்கம். பிறகு நாக்குக் குழறும், கால் தடுமாறும், பட்டன் போட வராது, சொன்னதையே சொல்வார், தூக்கம் வருகிறது என்பார். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று பொருளல்ல. உடல் நடுங்கும் சக்தியையும் இழந்துவிட்டது என்று பொருள். வயதானவர்களிடம் இதை "வாப்பாவுக்கு மறதி, தூக்கக் கலக்கம்" என்று எண்ணி விட்டுவிடுகிறோம். மின் கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரைக் குறைத்து வைத்த வீட்டுக்குள்ளேயே பெரியவர்களுக்கு இது வரலாம். கைக்குழந்தைகள் நடுங்கக்கூட மாட்டார்கள். தோல் சில்லென்று, பால் குடிக்கச் சோர்ந்து, அழுகை பலவீனமாக இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கனடாவில் 911க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈர உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூடி, நெஞ்சு, கழுத்து, அடிவயிறு ஆகிய நடுப்பகுதிகளை முதலில் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்த்துச் சூடாக்க முயன்றால் அங்கே தேங்கிய குளிர்ந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்பும். தெளிவாகப் பேசி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். அவரை மெதுவாகக் கையாளுங்கள், குளிர்ந்த இதயம் சிறு அதிர்ச்சிக்கும் தாளம் தப்பக்கூடும்.

பனி அள்ளுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதோடு ஈரப்பனியை மண்வாரியால் தூக்குவது இதயத்துக்கு இரட்டைச் சுமை. கனத்த பனிப்பொழிவுக்கு மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் கியூபெக் மாகாண மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இதய நோய் உள்ளவர்கள் அந்த வேலையைப் பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டு இளைஞரிடமோ விட்டுவிடட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயையும் மூக்கையும் துணியால் மூடி, இன்ஹேலரைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறைக்குள் கரி வேண்டாம்

2013 டிசம்பர் 22 அன்று டொராண்டோவைத் தாக்கிய பனிக்கட்டி மழையில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்கு அது திரும்பப் பல நாட்களாகின. அந்த நாட்களில் ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளும் கராஜிலும் வைத்துக் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு ஆளானவர்கள் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், சோர்வு என்று காய்ச்சல் போலத் தொடங்கி, தூக்கத்திலேயே முடித்துவிடும். சவூதியிலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடிய அறையில், கூடாரத்தில் கரியும் விறகும் மூட்டாதீர்கள் என்று சிவில் டிஃபன்ஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அங்கே தொழிலாளர் அறைகளில் தங்கியிருக்கும் உங்கள் மகனுக்கும் தம்பிக்கும் இதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் அதற்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம். பனிப்பொழிவுக்குப் பிறகு காரை இயக்கும் முன் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியை அகற்றுங்கள். ஒன்டாரியோவில் எரிபொருள் அடுப்போ ஹீட்டரோ கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் சட்டப்படி கட்டாயம். அடித்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், தங்கள் பகுதியில் அது இருக்கிறதா, பேட்டரி வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒலிக்காவிட்டால் வீட்டு உரிமையாளரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஊரிலிருந்து பெற்றோர் குளிர்காலத்தில் வருவதாக இருந்தால், அவர்களின் கோட்டும் பூட்ஸும் வீட்டில் காத்திருப்பதில் பயனில்லை. விமான நிலையத்தின் கதவிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை நடப்பதற்கே அவை வேண்டும். கால் அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கம்பளிக் குல்லா, மிட்டன், கோட், பூட்ஸ் நான்கையும் பையில் எடுத்துக்கொண்டு வருகைக் கூடத்துக்குள்ளேயே போய்விடுங்கள். சென்னையில் முப்பது டிகிரியில் செருப்போடு விமானம் ஏறிய உம்மாவை அங்கேயே உட்கார வைத்துக் காலுறையைப் போட்டுவிட்டு, பிறகு வெளியே அழைத்து வாருங்கள்.